உயரம், எடை, வேகம்: அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் ஒரு மாணவனின் இடம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

ஒரு மாணவனுக்கு வயது பதினேழு. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எடை 205 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 93 கிலோ. 40 யார் தூரத்தை 4.6 செக்கனில் ஓடுகிறான். பாடசாலை அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன் அவனே. அவனைப் பார்க்க வரும் முதலாவது கல்லூரிப் பயிற்றுநர், பந்தைப் பிடித்து ஓடும் இடத்துக்கு அவன் பொருத்தம் என்கிறார். இரண்டாமவர் பின்வரிசைத் தடுப்பாளனாக்கலாம் என்கிறார். மூன்றாமவர், இன்னும் 30 இறாத்தல் எடை கூட்டினால் நடுவரிசைத் தடுப்புக்கு நல்லவன் என்கிறார். அவன் இப்போது விளையாடும் இடத்திலேயே வைத்திருப்பதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

இது ஒரு கற்பனை உதாரணம். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்த உரையாடல் நடக்கிறது. அதன் முடிவைப் பொறுத்தே ஒரு மாணவனுக்குப் புலமைப்பரிசில் கிடைக்குமா, எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பான், எதிர்காலத்தில் எவ்வளவு உழைப்பான், எத்தகைய காயங்களைச் சுமப்பான் என்பதெல்லாம் அமைகின்றன. அமெரிக்காவில் பாடசாலை மட்டத்தில் இந்த விளையாட்டை ஆடுவோர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே ஏதாவதொரு மட்டத்தில் பல்கலைக்கழக அணிக்குள் நுழைகிறார்கள்.

ஆட்டமும் அதன் இடங்களும்

நாம் உதைபந்தாட்டம் என்று சொல்வது இதுவல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் இந்த விளையாட்டு, பார்ப்பதற்கு றக்பிக்கு நெருக்கமானது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில் 11 பேர் ஆடுவார்கள். மைதானத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேற வேண்டும். கனடாவில் இதே விளையாட்டு சிறு மாற்றங்களுடன் ஆடப்படுகிறது. அங்கே 12 பேர், 110 யார் மைதானம், மூன்று முயற்சிகள். ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது உறவுகளின் பிள்ளைகளுக்கு இது பாடசாலை மைதானத்தில் தெரிந்த ஆட்டம்தான்.

றக்பியில் எல்லோரும் பந்தை ஏந்துவார்கள், எல்லோரும் மடக்குவார்கள். இங்கே அப்படியில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை. அந்த வேலை கேட்கும் உடலும் வேறு.

தாக்குதல் வரிசையில் நிற்கும் ஐவர் பந்தைத் தொடுவதே அரிது. எதிராளிகளைத் தள்ளித் தடுப்பதே அவர்கள் கடமை. பெரிய கல்லூரி அணிகளில் இவர்கள் பெரும்பாலும் 300 இறாத்தலைத் தாண்டியவர்கள், அதாவது 136 கிலோவுக்கு மேல். ஓரத்தில் நிற்கும் 'டாக்கிள்' உயரமாகவும் நீண்ட கைகளுடனும் இருக்க வேண்டும். வலக்கையால் எறியும் குவாட்டர்பேக்கின் முதுகுப்புறம் இடதுபக்கம் இருப்பதால், இடதுபக்க டாக்கிள் அவருக்குத் தெரியாமல் வரும் ஆபத்தைத் தடுப்பவர்.

குவாட்டர்பேக் ஆட்டத்தை நடத்துபவர். தனது வரிசைக்கு மேலால் பார்க்க வேண்டும் என்பதால் உயரம் கேட்கப்படும். ரன்னிங் பேக் பந்தை ஏந்தி ஓடுவார். குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, பாரம் தாங்க வேண்டும். வைட் ரிசீவர் எறியும் பந்தைப் பிடிப்பவர். அவரைத் துரத்துபவர் கோர்னர்பேக். இந்த இரண்டு இடங்களிலும் வேகம்தான் முதல் தகுதி. தடுப்பின் நடுவே நிற்கும் லைன்பேக்கருக்கு எடையும் வேண்டும், வேகமும் வேண்டும். விவாதம் அதிகம் நடப்பதும் இத்தகைய நடுத்தர இடங்களைப் பற்றித்தான்.

அளவுகளை எவ்வளவு நம்பலாம்?

வேகத்தின் பொது அளவுகோல் 40 யார் ஓட்டம். கிளீவ்லண்ட் அணியின் புகழ்பெற்ற பயிற்றுநர் போல் பிரவுன் இதைப் பரப்பினார் என்றும், உதைக்கப்பட்ட பந்து விழும் இடத்துக்கு ஒரு வீரர் ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ அவ்வளவு என்பதே காரணம் என்றும் சொல்லப்படுகிறது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு வீரர்களைப் பரிசோதிக்கும் வருடாந்த முகாமில், 2024இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சேவியர் வேர்தி 4.21 செக்கனில் ஓடி அந்த முகாமின் சாதனையைப் படைத்தார்.

ஆனால் பாடசாலை மட்டத்தில் சொல்லப்படும் நேரங்கள் வேறு கதை. பயிற்றுநர் கையில் கடிகாரத்தை வைத்து, மாணவன் அசைவதைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்துகிறார். அந்தத் தாமதம் மாணவனுக்குச் சாதகமாகிறது. கருவியால் எடுக்கும் நேரத்தைவிடக் கையால் எடுக்கும் நேரம் ஏறத்தாழ 0.2 செக்கன் குறைவாக வரலாம். கோர்னர்பேக்குக்கும் சாதாரண ஓட்டக்காரனுக்கும் இடையிலான வித்தியாசமே அவ்வளவுதான். இதனால்தான் பல கல்லூரிகள் இன்று தடகளப் போட்டியில் பதிவான 100 மீற்றர் நேரத்தைக் கேட்கின்றன. அங்கே கருவி உண்டு, சாட்சி உண்டு.

உயரமும் எடையும் கூட இப்படித்தான். அணிப் பட்டியலில் அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் சற்றுக் கூட்டியவை. 2012இல் ஹைஸ்மன் விருது வென்ற குவாட்டர்பேக் ஜோனி மன்சியல் ஆறடி ஓரங்குலம் என்று பட்டியலில் இருந்தார். அளந்தபோது ஆறடிக்கும் சற்றுக் குறைவு. அலபாமாவின் டெவோன்ரா ஸ்மித் 175 இறாத்தல் என்று எழுதப்பட்டிருந்தார். 2021இல் எடை பார்த்தபோது 166 இறாத்தல், அதாவது 75 கிலோ. அந்த உடலுடன்தான் அவர் 2020ஆம் ஆண்டின் ஹைஸ்மன் விருதை வென்றிருந்தார். 1991இன் பின் ஒரு வைட் ரிசீவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இந்த எண்களின் மேல்தான் 'நட்சத்திர' மதிப்பீடு கட்டப்படுகிறது. 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை வழங்குகின்றன. 247 ஸ்போர்ட்ஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. என்.எஃப்.எல். தெரிவின் முதற்சுற்றில் 32 இடங்கள் இருப்பதே அந்த எண்ணின் அடிப்படை. மொத்தமாகப் பார்த்தால் இந்த மதிப்பீடுகள் பயனற்றவை அல்ல. ஐந்து நட்சத்திரம் பெற்றவர் தொழில்முறைக்குப் போகும் வாய்ப்பு இரண்டு நட்சத்திரம் பெற்றவரைவிடப் பல மடங்கு அதிகம். தேசியக் கிண்ணம் வெல்லும் அணிகள் பெரும்பாலும் உயர் மதிப்பீடு பெற்றவர்களால் நிறைந்தவை. கூட்டத்தைப் பற்றி நன்றாகச் சொல்லும் இந்த எண்கள், தனி ஒருவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் தடுமாறுகின்றன.

பருமனா, வேகமா?

பயிற்றுநர்கள் மத்தியில் நெடுங்காலமாக இரண்டு கருத்துகள் உண்டு.

முதலாவது, ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தபட்ச உயரம், எடை, வேகம் வகுத்து அதற்குள் நிற்பவர்களையே எடுப்பது. 2007 முதல் 2023 வரை அலபாமாவை வழிநடத்தி ஆறு தேசியக் கிண்ணங்கள் வென்ற நிக் சேபன் இந்த முறைக்குப் பேர்போனவர். இதன் நியாயம் எளிது. அளவுக்குக் குறைந்த ஒருவர் சிறப்பாக ஆடலாம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் விதிவிலக்குக் கொடுத்தால் முடிவில் முழு அணியும் சிறிதாகிவிடும். பருவத்தின் இறுதியில், களைப்பும் காயமும் சேர்ந்த நேரத்தில், அந்தக் குறை தெரியும்.

இரண்டாவது, வேகத்தை முதலில் எடுத்துவிட்டு எடையைப் பிறகு ஏற்றுவது. 1984 முதல் 1988 வரை மியாமியில் பயிற்றுநராக இருந்த ஜிம்மி ஜோன்சன், பாடசாலையில் கடைசித் தடுப்பாளராக இருந்தவர்களை லைன்பேக்கராகவும், லைன்பேக்கர்களை முன்வரிசை ஓரத் தடுப்பாளராகவும் மாற்றினார். ஒவ்வோர் இடத்திலும் எதிரணியைவிட வேகமான ஒருவர் நின்றார். 1987இல் மியாமி தேசியக் கிண்ணத்தை வென்றது.

இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டம் என்று 2011 ஜனவரி முதலாம் திகதி நடந்த ரோஸ் போலைச் சொல்லலாம். ஒரு பக்கம் விஸ்கொன்சின். அதன் தாக்குதல் வரிசை நாட்டிலேயே மிகப் பருமனான வரிசைகளில் ஒன்று. மறுபக்கம் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். அதன் பயிற்றுநர் கரி பற்றர்சன், பெரிய கல்லூரிகள் ஒதுக்கிய மாணவர்களை எடுத்து இடம் மாற்றுவதில் கைதேர்ந்தவர். பாடசாலையில் ரன்னிங் பேக்காக இருந்த ஜெரி ஹியூஸை அவர் முன்வரிசைத் தடுப்புக்கு மாற்றினார். ஹியூஸ் 2010இல் என்.எஃப்.எல். முதற்சுற்றில் தெரிவானார். அந்த ரோஸ் போலில் விஸ்கொன்சின் கடைசி நிமிடங்களில் ஆட்டத்தைச் சமப்படுத்த எறிந்த பந்தை லைன்பேக்கர் டாங்க் கார்டர் கையால் தட்டிவிட்டார். டெக்சாஸ் கிறிஸ்டியன் 21க்கு 19 என்று வென்று, தோல்வியே காணாமல் பருவத்தை முடித்தது.

ஒரு ஆட்டத்தால் விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் ஆட்டத்தின் போக்கு வேகத்தின் பக்கம் சாய்ந்தது. வீரர்களை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி, இடைவெளியின்றி விரைவாக ஆடும் முறை பரவியது. 2012 நவம்பரில் மன்சியலின் டெக்சாஸ் ஏ அன்ட் எம் அணி அலபாமாவை 29க்கு 24 என்று தோற்கடித்தது. அதன் பின் அலபாமாவே தடுப்பில் எடை குறைந்த, விரைவான வீரர்களைத் தேடத் தொடங்கியது. முன்னர் லைன்பேக்கராக இருக்கச் சிறியவன் என்று ஒதுக்கப்பட்ட மாணவன், இன்று அதே இடத்துக்குத் தேடப்படுகிறான். அவனது உடல் மாறவில்லை. ஆட்டம்தான் மாறியது.

பதினேழு வயதில் உடல் முடிந்துவிடுவதில்லை

அளவுகளின் பெரிய பலவீனம், அவை எடுக்கப்படும் வயது. கலிபோர்னியாவின் பயர்போ என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜோஷ் அலனுக்குப் பாடசாலை முடிந்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் இடம் கொடுக்கவில்லை. உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உயரமும் எடையும் கூடின. நாடெங்கும் உள்ள பயிற்றுநர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இறுதியில் வயோமிங் பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. 2018 என்.எஃப்.எல். தெரிவில் ஏழாவது இடம். 2024 பருவத்தின் அதிசிறந்த வீரர் விருதும் அவருக்கே.

ஜே. ஜே. வொட் இரண்டு நட்சத்திர மாணவர். பந்தைப் பிடிக்கும் 'டைட் எண்ட்' இடத்தில் சிறிய கல்லூரி ஒன்றில் தொடங்கினார். அதை விட்டு விலகி, பீட்சா விநியோகித்துக்கொண்டே, புலமைப்பரிசில் இல்லாமல் விஸ்கொன்சின் அணியில் சேர்ந்தார். அங்கே தடுப்பு வரிசைக்கு மாறினார். பின்னர் என்.எஃப்.எல்.லின் சிறந்த தடுப்பு வீரர் விருதை மூன்று தடவை வென்றார். லேன் ஜோன்சன் பாடசாலையில் குவாட்டர்பேக். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாகவும், ஓரத் தடுப்பாளராகவும், கடைசியில் டாக்கிளாகவும் மாறி, 2013இல் நான்காவதாகத் தெரிவானார்.

இந்த மூவருக்கும் இடமாற்றமோ கால அவகாசமோ நன்மை செய்தது. ஆகவே இடம் மாறச் சொல்வது எப்போதும் அநீதி என்று கொள்ள முடியாது. யாரிடம், எந்தக் காரணத்தால் மாறச் சொல்லப்பட்டது என்பதுதான் கேள்வி.

அளவுகோலுக்குப் பின்னால் இருந்த பாகுபாடு

பல தசாப்தங்களாக, பாடசாலையில் குவாட்டர்பேக்காகச் சிறந்து விளங்கிய கறுப்பின மாணவர்களிடம் பல்கலைக்கழகங்கள் ஒரே விடயத்தைச் சொல்லின: "நீ வேகமானவன், வேறு இடத்துக்கு மாறு." பாராட்டுப் போலத் தெரிந்தாலும் அதன் உட்பொருள் வேறு. சிந்தித்து முடிவெடுத்து அணியை வழிநடத்தும் இடம் வெள்ளையருக்கு உரியது, ஓடுவதும் துரத்துவதும் மற்றவர்களுக்கு என்பதே அது. விளையாட்டுச் சமூகவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எந்த விதிப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. எழுதப்படாததால் எதிர்த்து வாதாடவும் இயலவில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த வொரன் மூன் மாற மறுத்தார். ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் குவாட்டர்பேக்காகவே ஆடிக் காட்டிவிட்டு வொஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1978 ரோஸ் போலில் ஆட்ட நாயகனாகத் தெரிவானார். அப்படியிருந்தும் அந்த ஆண்டு என்.எஃப்.எல். அணி எதுவும் அவரைத் தெரிவு செய்யவில்லை. கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணி 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து தடவை கனேடியக் கிண்ணத்தை வென்றது. 1984இல்தான் என்.எஃப்.எல். கதவு திறந்தது. 2006இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இது பழைய கதை என்று சொல்வதற்கில்லை. புளோரிடாவைச் சேர்ந்த லமார் ஜக்சன் கல்லூரி தேடியபோது, தன் மகன் குவாட்டர்பேக்காக மட்டுமே ஆடுவான் என்று அவரது தாயார் உறுதியாக நின்றார். அந்த உறுதிமொழியைத் தந்த லூயிவில் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தார்கள். 2016இல் ஜக்சன் ஹைஸ்மன் விருது வென்றார். அதன் பின்னரும், 2018இல், அணி நிர்வாகத்தில் பெரும் பெயர் பெற்ற பில் போலியன் அவர் வைட் ரிசீவராக மாற வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஜக்சன் 2019இலும் 2023இலும் என்.எஃப்.எல்.லின் அதிசிறந்த வீரரானார். தான் சொன்னது தவறு என்று போலியன் பின்னர் ஒப்புக்கொண்டார்.

சமோவா மக்களின் அனுபவமும் இதை ஒத்தது. 2020 குடிசன மதிப்பின்படி ஐம்பதாயிரத்துக்கும் குறைவானோர் வாழும் அமெரிக்க சமோவா தீவுகளிலிருந்து, மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்கு ஏராளமான கல்லூரி வீரர்கள் வருகிறார்கள். பருமனான உடல் என்றதும் முன்வரிசை என்பதே வழமையாக இருந்தது. ஹோனலூலூவில் வளர்ந்த, சமோவா வம்சாவளியைச் சேர்ந்த மார்க்கஸ் மரியோற்றா 2014இல் குவாட்டர்பேக்காக ஹைஸ்மன் விருது வென்றபோது அந்தப் படிமம் பெரிதாக உடைந்தது.

எடைக்குக் கொடுக்கும் விலை

"முப்பது இறாத்தல் கூட்டு" என்பது எளிதாகச் சொல்லப்படும் வார்த்தை. அதைச் சுமப்பது ஒரு மாணவனின் இதயமும் மூட்டுகளும். 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தாக்குதல் வரிசை வீரர் ஜோர்டன் மக்னயர், 110 யார் ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்துக்கு உள்ளானார். அவரது எடை ஏறத்தாழ 147 கிலோ. உடனடியாகக் குளிர்நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும். அது செய்யப்படவில்லை. ஜூன் 13 அன்று, 19 வயதில் அவர் இறந்தார். பல்கலைக்கழகம் சட்டரீதியாகவும் தார்மீகரீதியாகவும் பொறுப்பேற்றது. அதே ஒக்டோபர் இறுதியில் தலைமைப் பயிற்றுநர் நீக்கப்பட்டார்.

மூளைக் காயமும் இடத்தோடு தொடர்புடையது. முன்வரிசையில் நிற்பவர்களின் தலை ஏறத்தாழ ஒவ்வோர் ஆட்டத் தொடக்கத்திலும் மோதுகிறது. மயக்கம் வராத சிறு மோதல்கள்தான் பெரும்பாலானவை, ஆனால் அவை ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மட்டம் வரை ஆடிய 53 பேரின் மூளைகளில் 48இல் நாட்பட்ட சிதைவு நோய் காணப்பட்டது. அவை குடும்பத்தினர் சந்தேகத்தின் பேரில் தானமாக வழங்கிய மூளைகள் என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக்கூடாது. ஆயினும் அலட்சியம் செய்யக்கூடிய எண் அல்ல.

பணம் வந்த பிறகு

2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தமது பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதிக்கப்பட்டார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் இணக்கத்தின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாம் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து, ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். முன்னர் முதற்தர அணிக்கு 85 புலமைப்பரிசில் என்றிருந்த எல்லை நீங்கி, இணக்கத்தை ஏற்ற அணிகளுக்கு 105 வீரர் என்ற எல்லை வந்தது.

இதனால் இடம் பற்றிய விவாதம் ஊதியம் பற்றிய விவாதமாகவும் ஆகிவிட்டது. குவாட்டர்பேக், டாக்கிள், குவாட்டர்பேக்கைத் துரத்தும் ஓரத் தடுப்பாளர் ஆகிய இடங்களுக்கே அதிக பணம். கூடவே, 2018இல் தொடங்கிய இடமாற்றப் பதிவுமுறையால் வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகப் போகிறார்கள். பதினேழு வயதினன் வளர்வானா என்று மூன்று ஆண்டு காத்திருப்பதைவிட, வேறு கல்லூரியில் ஆடி நிரூபித்த இருபத்தொரு வயதினரை எடுப்பது பயிற்றுநருக்கு இலாபம். அலனையும் வொட்டையும் போலத் தாமதமாக வளரும் மாணவர்களுக்கான வாசல் ஒடுங்கி வருகிறது.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

இந்த விளையாட்டில் பிள்ளை இருக்கும் பெற்றோர், பயிற்றுநர் வீட்டுக்கு வரும்போது சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எந்த இடத்துக்கு எடுக்கிறீர்கள்? அதே இடத்தில் ஏற்கனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாறச் சொல்வதானால் என்ன காரணம், எந்த அளவை வைத்து? எடை கூட்டச் சொன்னால் அதைக் கண்காணிக்கும் வைத்தியரும் உணவு ஆலோசகரும் யார்? வெப்பத் தாக்கத்துக்கான ஏற்பாடு மைதானத்திலேயே உண்டா? காயப்பட்டால் படிப்புச் செலவு தொடருமா? பயிற்றுநர் விலகிப் போனால் இந்த உறுதிமொழிகள் என்னவாகும்? பதில்களை எழுத்தில் கேட்பதும் தவறில்லை.

உயரத்தையும் எடையையும் வேகத்தையும் ஓரளவு சரியாக அளக்கலாம். அந்த எண்களைக் கொண்டு ஒருவனை எங்கே நிறுத்துவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. அந்த முடிவில் அனுபவமும் இருக்கும், அவசரமும் இருக்கும், சில வேளைகளில் முற்சாய்வும் இருக்கும். லமார் ஜக்சனின் தாயார் ஓட்ட நேரத்தை மறுக்கவில்லை. அந்த நேரத்தை வைத்து மகனின் இடத்தை மற்றவர்கள் தீர்மானிப்பதைத்தான் மறுத்தார்.